தூள் படாத இலை

ஜூலை 3, வியாழன்

வளைகாப்பு முடிந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வரை கலகலவென்று சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அவளுக்கு இல்லை.

இந்த டைரி அவள் கொண்டுவந்தது. அத்தானுக்கு ஏதோ கடையில் கொடுத்ததாம். அங்கே யாரும் எழுதவில்லை.

"பாதி வருஷம் வீணாப் போச்சு. மீதிய நீ எழுதுட்டி. வாயத் தொறந்துதான் பேச மாட்டேங்க, கையாவது பேசட்டும்" என்றாள்.

என் பெயர் முப்பிடாதி. வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன், படிப்பு பிடிக்கவில்லை. அம்மாவும் நானும் வீட்டில் பீடி சுற்றுகிறோம். அப்பா கொல்லத்தில் புரோட்டாக் கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். அக்கா பெயர் குழல்வாய்மொழி. குழலி என்று கூப்பிடுவோம்.

அக்காவுக்கு இது மூன்றாவது. முதலாவது நாலாம் மாதம் போனது. இரண்டாவது ஏழாம் மாதம் போனது. இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. அதனால் இங்கே ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

ஜூலை 5, சனி

மத்தியானம் சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு நிழல் போனது. ஏதோ பறவை என்று நினைத்தேன். நிமிர்ந்தால் வண்ணத்துப்பூச்சி! என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. மேல் இறக்கை கறுப்பு, கீழ் இறக்கை மஞ்சள். மஞ்சள் என்றால் பூசணிப்பூ மஞ்சள். வேலியில் படர்ந்திருக்கும் பெருமருந்துக் கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாம்பு அண்டாது என்று அப்பா எப்போதோ வைத்த கொடி அது. ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்த்து, அடிப்பக்கத்தில் ஆறு முட்டை வைத்துவிட்டுப் போனது. ஆரஞ்சு நிறத்தில் மிளகைவிடச் சிறியவை.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே நின்றிருக்கிறேன். சட்டை முழுக்க நனைந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கொல்லையில் எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு எல்லாம் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி வரும். அந்தந்தப் புழு அந்தந்த இலையைத்தான் தின்னும். அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "ஊருல பூவுக்குச் செடி வைப்பாக. எம் மக புழுவுக்குச் செடி வைக்கா."

போன வருடம் நூலகத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்து, அம்மாவின் போனிலிருந்து வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். ஒரு வருடமாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. இன்று முட்டையைப் படம் எடுத்துப் போட்டு, வந்தது எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதினேன். 

"வாழ்த்துகள் சிவனம்மாள் மேடம்! இது பொன்னழகி. மலையை விட்டு இவ்வளவு கீழே இறங்கி வந்து முட்டை வைப்பது அபூர்வம். கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

போனில் இருப்பது அம்மாவின் பெயர். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "மேடம், ஒரு டம்ளர் மோர் தாங்க மேடம்" என்று அம்மாவை ராத்திரி வரை படுத்தி எடுத்தாள்.

அவள் சிரிப்பது நல்லது. அந்தப் பூச்சிக்கு நன்றி.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா அக்காவுக்கும் ஒரு பீடித் தட்டு எடுத்துக் கொடுத்துவிட்டாள். சும்மா உட்கார்ந்தால் கை கால் வீங்குமாம். அக்காவின் மாமியாரும் பீடிக் கம்பெனிக் கார்டு விட்டுப்போகக் கூடாது, சுற்றாவிட்டால் ரத்தாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்று பேரும் முன்னறையில் மடியில் தட்டோடு உட்கார்ந்து சுற்றினோம். அக்கா கல்யாணத்துக்கு முன்பு இருந்த மாதிரியே இருந்தது. அக்காவின் விரல் இப்போதும் என்னைவிட வேகம்.

ஜூலை 9, புதன்

கொடியில் எறும்பு ஏறுகிறது. முட்டைக்குப் பக்கத்தில் நாலைந்து பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

"தட்டுல கெடக்க தூளக் கூட்டி வேருல போடு. எறும்பு என்ன, அதுக்கப்பனும் வராது" என்றாள்.

நாங்கள் எப்போதும் செய்வதுதான். அரிசிப் பானைக்கு அடியில்கூடப் புகையிலைத் தூள் தூவுவோம். ஒரு கை அள்ளி வேரடியில் போட்டேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. முட்டையிருந்த இலைகளைக் காம்போடு கிள்ளி, ஒரு பழைய டப்பாவில் போட்டு என் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். சுற்றும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

எறும்பு போய்விட்டது.

ஜூலை 12, சனி

ஆறும் பொரிந்துவிட்டன! முட்டை ஓட்டையே முதலில் தின்றன. கறுஞ்சிவப்பில் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன முள் மாதிரி. கொடியிலிருந்து தளிர் பறித்துப் போட்டேன். பீடி இலை நறுக்கும் நேரம், தூள் வைக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மருமக்கமாருக்குச் சாப்பாடு ஆச்சா?" என்று அக்கா கேட்டாள்.

அக்காவுக்கு இன்றும் தலைசுற்றல். ஏழாம் மாதத்திலுமா மசக்கை என்று அம்மா திட்டினாள்.

ஜூலை 14, திங்கள்

நாலு செத்துவிட்டன. முதலில் தின்பதை நிறுத்தின. பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர்.

ஜூலை 15, செவ்வாய்

மீதி இரண்டும்.

ஜூலை 16, புதன்

குழுவில் எழுதினேன். "பக்கத்தில் பூச்சிமருந்து ஏதாவது அடிக்கிறார்களா மேடம்? இலையில் துளி பட்டாலும் இப்படித்தான் ஆகும்" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் மருந்தே கிடையாது என்று எழுதினேன். அவர்களுக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ என்னட்டி செய்வ? நிக்கணும்னு இருந்தாதான் நிக்கும்" என்றாள். புழுவைத்தான் சொன்னாள்.

ஜூலை 21, திங்கள்

திரும்ப வந்தது! அதே பூச்சியா வேறா தெரியாது. எங்கள் கொடியை மன்னித்துவிட்டது. ஆறு முட்டை. இந்தத் தடவை நாலைக் கொடியிலேயே விட்டேன். இரண்டை மட்டும் டப்பாவில் வைத்தேன். நாலு நாள் சாரலில் வேரடித் தூள் எல்லாம் கரைந்து போயிருக்கிறது. எறும்பும் இல்லை, அதனால் புதிதாகப் போடவில்லை.

ஜூலை 31, வியாழன்

டப்பாவில் இருந்த இரண்டும் முந்தாநாள் செத்தன. அதே மாதிரி இழுத்து, அதே பச்சைத் தண்ணீர். கொடியில் இருக்கும் நாலும் கொழுகொழுவென்று தின்கின்றன. நான் அவற்றைத் தொடவேயில்லை. அதே கொடி, அதே இலை.

என் விரலை முகர்ந்து பார்த்தேன். டப்பாவை முகர்ந்து பார்த்தேன். மூடியில் விரலால் கோடு போட்டால் கோடு விழுகிறது, அவ்வளவு தூள். மருந்தே கிடையாது என்று நான்தான் எழுதினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பும் அப்பளமும். அக்கா சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்காவின் இலை வெட்டும் கத்திரியை ஒளித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

பெட்டியிலிருந்து வேறு கத்திரி எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அக்கா எழுந்து போகும்போதெல்லாம் அவள் தட்டிலிருந்து இலையையும் தூளையும் என் தட்டுக்கு மாற்றிவிடுகிறேன். இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்தால் அவள் சீக்கிரம் எழுந்துவிடலாம். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"திருட்டுக் கழுத, எதுக்குட்டி என் வேலையும் சேத்துப் பாக்க?"

சொல்ல வாய் வரவில்லை. அறை முழுக்கத் தூள் பறக்கிறதே, தட்டை மட்டும் எடுத்து என்ன ஆகும் என்று பிறகுதான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கிராம நர்ஸ் வந்தார். அக்காவின் வயிற்றை டேப்பால் அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

"மாசத்துக்கு ஏத்த வளர்த்தி இல்லியே. தூள்ல உக்காரக் கூடாதுன்னு போன தடவையே சொன்னேன்ல? சுவத்துக்கா சொன்னேன்?"

அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். அவர் படி இறங்கியதும், "அவுகளுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம்" என்றாள். அக்கா வளையலை ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் தட்டை எடுக்கவில்லை. செத்த புழு இரண்டையும் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதை அக்காவின் தட்டில், தூளின் மேல் கொட்டினேன்.

"எம்மா, இது என் கையில இருந்த தூள்ல செத்துச்சு. கொடியில இருக்கது சாகல."

"அதுக்கு?"

"அக்கா இங்க உக்காரக் கூடாது."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். நான் இப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

"புழுவும் பிள்ளையும் ஒண்ணாட்டி? நானும் இதே தட்டுல உக்காந்துதான் உங்க ரெண்டு பேரையும் பெத்தேன். நல்லாத்தான இருக்கிய?"

"நான் பொறக்கும்போது ஒண்ணே முக்கா கிலோதான் இருந்தேன்னு நீதான சொல்லுவ. பஞ்சுல சுத்தி வச்சிருந்தேன்னு சொல்லுவேல்ல."

அம்மா கை ஓங்கினாள். அக்கா நடுவில் கையை நீட்டினாள். வளையல் இரண்டு உடைந்தது.

"அடிக்காதம்மா. அவ சரியாத்தான் சொல்லுதா. அங்க ரெண்டு தடவையும் வலி வந்த அன்னைக்கு வரைக்கும் சுத்திக்கிட்டுத்தான் இருந்தேன். அங்க உள்ள நர்ஸம்மா சொன்னத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா வேல செய்யச் சோம்பேறித்தனம்னு சொல்லுவாகன்னு."

 அம்மா உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கினாள். எல்லாம் பொறுக்கிய பிறகும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் எங்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"உனக்கும் இவளுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. ஆம்பளப் பிள்ள. என் தலையெழுத்துன்னு இருந்துட்டேன்."

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஆறு வருட இடைவெளி ஏன் என்று நான் கேட்டதேயில்லை.

 நான் சொன்னது சரிதான். ஆனால் அம்மாவின் முகம் அப்படி ஆகும் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் எழுந்தபோது முன்னறை காலியாக இருந்தது. தட்டு, இலை மூட்டை, தூள் டப்பா எதுவும் இல்லை. அம்மா எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மாடத்தி சித்தியின் மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். மாட்டை விற்று இரண்டு வருடம் ஆகிறது, சும்மாதான் கிடந்தது. வீட்டைக் கூட்டி, மூன்று தடவை கழுவிவிட்டு, அரிசிப் பானையையும் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள்.

அக்காவின் மாமியார் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள், வேண்டுமென்றேதான்.

"எம் மக இனிமே தட்டத் தொட மாட்டா மயினி. கார்டு போனாப் போட்டும். ரெண்ட மண்ணுல வச்சாச்சு. இது மூணாவது."

அந்தப் பக்கமிருந்து "சரி மயினி. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் கேட்டது.

எங்கள் அம்மாவைப் போல யாருக்கு அம்மா இருக்கிறாள்!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நானும் அம்மாவும் தொழுவத்தில் சுற்றுகிறோம். முடிந்ததும் அங்கேயே குழாயடியில் தலையோடு குளித்து, உடை மாற்றி, அப்புறம்தான் வீட்டுக்குள் காலை வைக்கிறோம். இது அம்மா போட்ட சட்டம். சாரலில் பல் கிடுகிடுவென்று ஆடுகிறது. மாடத்தி சித்தி, "பெரிய ஆச்சாரம்தான், கோயிலுக்கா போறிய?" என்று கேலி செய்துகொண்டே வெந்நீர் வைத்துத் தருகிறாள். அவளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நேரில் எனக்கு வராது.

இன்று சுற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா திடீரென்று கேட்டாள். "நெசமாவே படிப்பு பிடிக்காமலா நின்ன?"

"ஆமா."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அக்கா கல்யாணமாகிப் போன மாதம் வீட்டில் ஒரு தட்டு காலியாக இருந்தது, நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள், புகையிலை நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்வாள். விளையாட்டுக்குத்தான் செய்தாள். அறிவியல் பாடம் எனக்கு நன்றாக வரும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கொடியில் நாலு புழுவில் மூன்றைக் குளவி கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்று கூட்டுப்புழுவாகிவிட்டது. இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, காய்ந்து சுருண்ட இலை மாதிரி தொங்குகிறது. அக்கா ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டாள். உஸ் என்று சத்தம் போட்டது.

"ஆத்தி, இதுக்கு வந்த கோவத்தப் பாரு!" என்று அக்கா பின்வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து உதை. நல்ல உதை.

செப்டம்பர் 3, புதன்

நர்ஸ் அளந்தார். ஒரே தடவைதான் அளந்தார். "இப்பதான் வயிறு வயிறு மாதிரி இருக்கு" என்றார். அம்மா அவருக்கு முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து குழந்தை அசையவில்லை என்று நேற்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா தொழுவத்திலிருந்து வரக் காத்திருக்காமல் நானே ஆட்டோ பிடித்து அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆட்டோக்காரரிடம், சீட்டு கொடுக்கிறவரிடம், டாக்டரிடம் நான்தான் பேசினேன். யாரிடம் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ கருவியை வயிற்றில் வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி டொக் டொக் டொக் என்று கேட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிள்ளை நன்றாகத் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் வைத்திருந்து இன்று அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கூடு வெறுமையாக இருந்தது. இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு நான் பார்க்கவில்லை. பார்த்தது அம்மாதான், இன்று காலையில்.

"கறுப்பும் மஞ்சளுமா பெருசா இருந்துச்சு. ரெக்க காயட்டும்னு அதுபாட்டுக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அவசரமா தொழுவத்துல இருந்து வந்தேன், குளிக்கல. அதான் கிட்டப் போகல. வாசப்படியில இருந்தே பாத்தேன். ரொம்ப நேரம் கழிச்சு வேலிக்கு மேல ஏறி, மல இருக்க பக்கமாப் போச்சு."

போனில் படம் எடுத்தாயா என்று கேட்டேன். எடுக்கத் தோன்றவில்லையாம். பரவாயில்லை. குழுவில் எழுதினேன். "கூட்டிலிருந்து பொன்னழகி வெளியே வந்தபோது நான் ஊரில் இல்லை. என் அம்மா பார்த்தார். நான் சிவனம்மாள் இல்லை, அவர் மகள் முப்பிடாதி." முப்பத்தாறு பேர் கை தட்டினார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெண் குழந்தை. நேற்றுக் காலை பத்து மணிக்கு. இரண்டு கிலோ எழுநூறு. அக்கா நன்றாக இருக்கிறாள்.

அம்மாவும் நானும் பிரசவ வார்டு வாசலில் இருந்தோம். அத்தானும் அவர் அம்மாவும் அதற்குள் வந்து சேரவில்லை. அம்மா காலையிலிருந்து குழாயடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். புது சோப்பு வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி போய்க் கழுவினாள். ஒரு வாரமாக அவள் தொழுவத்துக்கே போகவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் விரல் நுனியில் இருக்கும் அந்தப் பழுப்பு நிறம் ஒரு வாரத்தில் போகிறதல்ல.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "யாரு வாங்குதிய? பாட்டி நீங்கதான? வாங்குங்க."

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"இவ வாங்கட்டும். எனக்கு வேண்டாம்."

"இது என்ன கூத்தா இருக்கு? பேத்திய வேண்டாங்கிய!" என்றார் நர்ஸ். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். பொம்பளைப் பிள்ளை என்பதால் வாங்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினாள். எங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். யார் என்ன நினைத்தாலும் சரி என்கிற மாதிரி.

எனக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை பேர் நடுவில் நான் வாயைத் திறந்ததேயில்லை. ஆனால் சத்தமாகத்தான் வந்தது.

"எம்மா, நீ எட்டுத் தடவ கழுவிட்ட. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். உன் கையில ஒண்ணும் இல்ல. நீ வாங்கு."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"நெசமாவாட்டி?"

"நெசமா."

பின்னாலிருந்த கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். நான் குனிந்து அவற்றை முகர்ந்து பார்த்தேன், அவள் பார்க்கும்படி. சோப்பு வாசனைதான். பிறகு அம்மா வாங்கினாள்.

"ஏட்டி, இவ நல்லாக் கனக்கா" என்றாள். "நல்லாக் கனக்கா இவ."